என்ன வேணும்

அல்சூர் காவல் நிலையம், பெண்கள் உதவி மேசை.
நான் மொழிபெயர்க்க வந்தவள்.
கழுத்தில் இலவச சட்ட உதவி அட்டை,
பையில் தண்ணீர், கறுப்புப் பேனா இரண்டு.

எதிரே மோனிஷா, பத்தொன்பது, வாணியம்பாடி.
சிக்பேட்டைத் துணிக்கடையில் பில் போடுகிறவள்.
ஏப்ரல் வெயிலில் முழுக்கைச் சட்டை.

எஸ்.ஐ. அம்மா கேட்டார்:
"அவனு நினகெ ஏனாகபேக்கு?"
நான் தமிழில் கேட்டேன்:
அவன் உனக்கு என்ன வேணும்?

இரண்டு மொழியிலும்
உறவைக் கேட்கும் கேள்வி
ஆசையைக் கேட்பதுபோலத்தான் ஒலிக்கிறது.
"தெரிஞ்சவன்" என்றாள்.
பிறகு "ஃப்ரெண்டு."
பிறகு தரையைப் பார்த்து, "லவ் பண்ணோம்."

படிவத்தில் கணவர் இருக்கிறார்.
மாமனார், கொழுந்தன், நாத்தனார் வரைக்கும்
கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.
ஒரே வீட்டில் வாழ்ந்தீர்களா?
வீடு என்றால்
கப்பன் பார்க்கின் மூங்கில் புதர்,
மழைக்கு ஒதுங்கிய மெட்ரோ பாலம்.
பொதுவில் இருந்தது ஒரே ஒரு பாஸ்வேர்டு.
அதுவும் அவள் போனுக்கு.

இரவெல்லாம் வீடியோ கால் அணையக் கூடாது.
தலையணைக்கருகே சார்ஜரோடு சூடாகிக் கிடந்த போனில்
அவள் தூங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.
மத்தியானச் சோற்றைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்,
பின்னால் கடைச் சுவர் தெரியும்படி.
ஒரு சனிக்கிழமை சுவர் தெரியவில்லை.
அன்று சாயங்காலம்
முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்தது.
பஸ் கதவு இடித்தது என்று
பி.ஜி. அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அடித்ததற்குப் பிரிவு உண்டு.
பின்தொடர்ந்ததற்கும் உண்டு, எழுபத்தெட்டு:
விருப்பமில்லை என்று
தெளிவாகக் காட்டிய பிறகும்.
அந்தத் 'தெளிவாக'வில் பேனா நின்றது.

போனை வாங்கி எண்ணினோம்.
நாற்பத்தொன்று.
வேணாம். ப்ளீஸ் வேணாம்.
கடைக்கு வராத, வேணாம்.
வேணாம்டா. வேணாம்டா. வேணாம்டா.

"கடைசியில் அந்த 'டா' எதற்கு?"
எஸ்.ஐ. அம்மா கெட்டவர் இல்லை.
நாளைக்கு அவன் வக்கீல் கேட்பார் என்றார்.

தம்பிக்குப் போடுவோம், மேடம்.
சோபாவில் ஏறும் நாய்க்குப் போடுவோம்.
மார்க் குறைந்தால் முருகனுக்கும் போடுவோம்.
உங்கள் 'கணோ' மாதிரி.
அது சம்மதம் இல்லை.
கதவைச் சாத்திய பிறகும்
கைப்பிடியில் கொஞ்ச நேரம் இருக்கிற சூடு.

அவர் யோசித்தார்.
பிறகு எழுதினார்.
நாற்பத்தொரு முறை மறுத்திருக்கிறார்.

ஊருக்கு லெட்டர் போகுமா, அக்கா?
மூன்று தடவை கேட்டாள்.
போகாது என்றேன்.
போகக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரியும்.

முதல் கட்டம் இன்னும் காலி.
எஸ்.ஐ. அம்மா பேனாவால் அதைத் தட்டினார்.
"ஏனாகபேக்கு?"
நான் வாயைத் திறப்பதற்குள்
கடையில் கற்ற கன்னடத்தில் அவளே சொன்னாள்:
"பேடா, மேடம்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
அந்தக் கட்டத்தில்
'பரிச்சயம் உள்ளவர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது ஆறரை.
எஃப்.ஐ.ஆர். நகலை நாலாய் மடித்தாள்.
ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பினாள்,
நானும் திரும்பினேன்.

முனையில் ஐயங்கார் பேக்கரி.
பையன் துண்டால் கண்ணாடியைத் துடைத்தபடி
"ஏனு பேக்கு?" என்றான்.
தேங்காய் பன், காரா பன், தில்பசந்த்,
நேற்றைய பஃப்ஸ்.
அவள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள்.
பிறகு முதலிலிருந்து.
எங்கள் பஸ் ஒன்று போனது.
இன்னொன்றும்.